வீட்டில் செய்யும் மீன் தொட்டிக்கு எந்தக் கண்ணாடி?

சொந்தமாக மீன் தொட்டி செய்யக் கிளம்புகிறவர்கள் கண்ணாடிக் கடைக்குப் போகும் முன்பே ஒரு முடிவோடு இருப்பார்கள்: "டெம்பர்டு கண்ணாடி போட்டால் உடையாது, அதையே வாங்கிவிடலாம்." என் பதில், வேண்டாம். கடைக்காரர்கள் பிளெயின் கிளாஸ் என்று சொல்லும் சாதாரணக் கண்ணாடியைத் தேவையான தடிமனில் வாங்குங்கள். டெம்பரிங்குக்கு ஒதுக்கிய பணத்தைக் கூடுதலாக 2 மி.மீ. தடிமனுக்கும் விளிம்பு பாலிஷுக்கும் செலவழியுங்கள். லேமினேட்டட், லோ அயர்ன், அக்ரிலிக், பழைய ஜன்னல் கண்ணாடி என்று மற்ற வாய்ப்புகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது, சிலவற்றுக்கு அந்த இடம் மீன் தொட்டி கிடையாது.

ஆனால் எந்த வகை என்று யோசிப்பதற்கு முன்னால் எத்தனை மி.மீ. என்பது முடிவாக வேண்டும். வகையில் தவறினால் பணம் வீணாகும், தடிமனில் தவறினால் தொட்டியே போகும்.

உயரம்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது

தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதை வைத்துத் தடிமன் சொல்கிறவர்கள் நிறைய பேர். "நூறு லிட்டருக்கு ஆறு எம்எம் போதும்" என்பார்கள். தண்ணீரின் அழுத்தத்துக்கு லிட்டர் கணக்கு தெரியாது, ஆழம் மட்டும்தான் தெரியும். 45 செ.மீ. ஆழத்தில் அடிமட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4,400 நியூட்டன் அழுத்தம் இருக்கும். தொட்டி முன்னும் பின்னும் அரை மீட்டர் அகலமானாலும் ஐந்து மீட்டர் அகலமானாலும் அந்த அளவு மாறாது.

120 செ.மீ. நீளத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 45 செ.மீ. நின்றால் முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் வெளியே தள்ளும் மொத்த விசை சுமார் 120 கிலோ எடைக்குச் சமம். அதே நீளத்தில் உயரத்தை 60 செ.மீ. ஆக்கினால் விசை 216 கிலோவுக்குப் போய்விடும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூட்டினோம், விசை முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது. கண்ணாடிக்குள் உண்டாகும் வளைவுத் தகைவு, அதாவது வளையும்போது ஒவ்வொரு சதுர மி.மீ.-உம் தாங்கும் விசை, அதைவிட வேகமாக ஏறும், ஏனென்றால் அது உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது.

மேலே சட்டமோ குறுக்குப் பட்டையோ இல்லாத தொட்டிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று பக்கம் தாங்கலும் மேல்பக்கம் திறந்தும் இருக்கும் பலகைக்கான பொறியியல் சூத்திரம்தான் அது, தொட்டி செய்கிறவர்கள் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடியின் உயரத்தை மி.மீ.-இல் எடுத்து மும்மடியாக்கி, 0.00001-ஆல் பெருக்கி, அதை ஒரு குணகத்தால் பெருக்கி, அனுமதிக்கும் தகைவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் தடிமன் மி.மீ.-இல் வரும். நீளம் உயரத்துக்குச் சமமாக இருந்தால் குணகம் 0.16. ஒன்றரை மடங்கானால் 0.26, இரண்டு மடங்கானால் 0.32, மூன்று மடங்கானால் 0.37. அனுமதிக்கும் தகைவுக்கு, கண்ணாடியின் இழுவலிமையாக எடுத்துக்கொள்ளும் ஒரு சதுர மி.மீ.-க்கு 19.2 நியூட்டன் என்பதைப் பாதுகாப்பு மடங்கு 3.8-ஆல் வகுத்து, சுமார் 5 என்று வைத்துக்கொள்கிறோம்.

90 செ.மீ. நீளம், 45 செ.மீ. உயரம் உள்ள தொட்டிக்குப் போட்டுப் பார்த்தால் 7.6 வரும். எனவே 8 மி.மீ. இதே 45 செ.மீ. உயரத்தில் நீளத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்: 60 செ.மீ. நீளத்துக்கு 6.4, 120-க்கு 8.0, 150-க்கு 8.2. நீளம் கூடக் கூடத் தேவை ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் 120 செ.மீ. நீளத்தை அப்படியே வைத்து உயரத்தை 60 ஆக்கினால் 8.0 என்பது 11.7-க்குத் தாவுகிறது. கூடுதலாக 15 செ.மீ. உயரம் கேட்கும் விலை அது. நீந்தும் மீனுக்கு வேண்டியதும் பெரும்பாலும் நீளம்தான், அதனால் உயரமான தொட்டி மேல் ஆசைப்படுகிறவர்கள் ஒருமுறை மறுயோசனை செய்யலாம்.

என் கையில் இருக்கும் கணக்கு இப்படி: 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரத்துக்கு 5 மி.மீ.; 60-க்கு 36 என்றால் 6; 90-க்கு 45 என்றால் 8; 120-க்கு 45 என்றால் 10; 120-க்கு 60 என்றால் 12. நாலாவதில் கணக்குப்படி சரியாக 8 வருகிறதே, ஏன் 10 என்று கேட்கலாம். 8 மி.மீ. என்று விற்கப்படும் கண்ணாடி 7.7 மி.மீ. இருந்தாலும் தரவிதிகளின்படி அது 8 மி.மீ.-தான். கணக்கு விளிம்பில் நிற்கும்போது அடுத்த அளவுக்குப் போய்விட வேண்டும்.

3.8 என்ற பாதுகாப்பு மடங்கு மிகை என்று நினைத்துக் குறைக்கிறவர்கள் உண்டு. 90-க்கு 45 தொட்டியை 6 மி.மீ.-இல் செய்தால் அது 2.4-க்கு இறங்கிவிடும், 5 மி.மீ.-இல் செய்தால் 1.7 கூட இராது. அப்படிச் செய்த தொட்டி முதல் நாளிலேயே உடைந்துவிடாது, அதுதான் ஆபத்து. கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் எப்போதும் இருக்கும். தொடர்ந்து சுமை இருந்து, கூடவே ஈரமும் இருந்தால், அந்தக் கீறல்களின் நுனியில் பிணைப்புகள் மெல்ல மெல்ல அறுபட்டுக் கீறல் வளரும். ஐரோப்பியத் தரவிதிகளில் சாதாரணக் கண்ணாடியின் வளைவு வலிமை ஒரு சதுர மி.மீ.-க்கு 45 நியூட்டன் என்று இருக்கிறது. நாம் 5-ஐ மட்டும் நம்புவதற்குக் காரணம் இதுதான்: ஜன்னல் கண்ணாடி காற்றைச் சில நொடிகள் தாங்கினால் போதும், தொட்டிக் கண்ணாடி இரவும் பகலும் வருடக்கணக்கில் தாங்க வேண்டும்.

மேல் விளிம்பில் உள்பக்கமாகச் சுற்றிலும் 5 செ.மீ. அகலத்துக்குக் கண்ணாடிப் பட்டை ஒட்டினால், அல்லது நடுவில் ஒரு குறுக்குப் பட்டை கொடுத்தால், ஓர் அளவு குறைத்துக்கொள்ளலாம் என்பது நடைமுறை. 120 செ.மீ.-க்கு மேல் போகிறவர்களுக்கு நான் சொல்வது, பட்டையையும் ஒட்டுங்கள், தடிமனையும் குறைக்காதீர்கள்.

பிளெயினா, டெம்பர்டா?

இன்று கடையில் பிளெயின் கிளாஸ் என்று கிடைப்பது ஃப்ளோட் கண்ணாடி. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்கி, பிறகு மெதுவாக ஆறவிடுவார்கள். பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த முறை இது. தேய்க்காமலே இரண்டு பக்கமும் மட்டமாக வருவதற்கு அந்த வெள்ளீயக் குளம்தான் காரணம். மெதுவாக ஆறுவதால் உள்ளே இழுவிசை தேங்காது, எனவே இதை வெட்டலாம், துளையிடலாம், விளிம்பைத் தேய்க்கலாம்.

டெம்பர்டு, அல்லது டஃபன்டு, இதே கண்ணாடிதான். அளவுக்கு வெட்டி முடித்த பிறகு சுமார் 620 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, காற்றை வேகமாக அடித்து மேற்பரப்பைச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை இறுக்கி வைத்துக்கொள்ளும். அதனால் வளைவு வலிமை 45-இலிருந்து 120 நியூட்டனுக்கு ஏறுகிறது. அடி தாங்கும், சூடும் தாங்கும். இதையெல்லாம் கேட்டால் தொட்டிக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

தோன்றக் கூடாததற்கு முதல் காரணம், வலிமை கூடினாலும் விறைப்பு கூடுவதில்லை. ஒரே தடிமனில் பிளெயினும் டெம்பர்டும் ஒரே அளவுதான் வளையும். 120-க்கு 60 தொட்டியை 12 மி.மீ. பிளெயினில் செய்தால் முன்கண்ணாடி அதிகபட்சமாக 0.4 மி.மீ.-க்கும் குறைவாகவே வெளியே பிதுங்கும். "டெம்பர்டு வலிமையானது, 6 மி.மீ. போதும்" என்று முடிவெடுத்தால் கணக்குப்படி கண்ணாடி உடையாது, ஆனால் பிதுக்கம் எட்டு மடங்காகிக் கிட்டத்தட்ட 3 மி.மீ. ஆகிவிடும். அந்த இழுப்பு முழுவதும் மூலைகளில் இருக்கும் சிலிகானுக்குப் போகிறது. போதாக்குறைக்கு, கண்ணாடியின் விளிம்பு மெலிந்ததால் சிலிகான் பிடிக்கும் அகலமும் 12 மி.மீ.-இலிருந்து 6 மி.மீ.-ஆகப் பாதியாகிவிட்டது. கண்ணாடியை வலுவாக்கி ஒட்டுக்கு வேட்டு வைப்பதுதான் இதில் நடக்கிறது. வீட்டில் ஒட்டும் தொட்டிகளில் பிரச்சினை வரும் இடமும் பெரும்பாலும் ஒட்டுதான்.

சரி, 12 மி.மீ. டெம்பர்டே வாங்கிவிட்டால்? அப்போது இரண்டாவது காரணம் வருகிறது. டெம்பரிங் ஆன பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் மொத்தமும் சிதறிவிடும். பக்கக் கண்ணாடி 2 மி.மீ. நீளமாக வந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டு வருடம் கழித்துச் சம்ப் (தண்ணீரை வடிகட்டக் கீழே வைக்கும் தனித் தொட்டி) வைக்கலாம், தண்ணீர் அதற்கு வழிந்து போகப் பின்கண்ணாடியில் ஒரு துளை போடலாம் என்று ஆசை வந்தால் அதற்கும் வழியில்லை.

மூன்றாவது, உடைந்தால் எப்படி உடையும் என்பது. பிளெயின் கண்ணாடி பெரும்பாலும் ஒரு விரிசலாகத் தொடங்கும். தண்ணீர் ஒழுகும், தரை நனையும், ஆனால் பெரும்பாலும் வாளியைக் கொண்டுவந்து மீனை எடுத்துப் போட நேரம் கிடைக்கும். டெம்பர்டு ஒரு நொடியில் முழுப் பலகையும் பாசிப்பயறு அளவுத் துண்டுகளாகக் கொட்டிவிடும், 400 லிட்டரும் ஒரே வீச்சில் அறைக்குள் வரும். கை கிழியாது என்பது உண்மை. குளியலறைக் கதவுக்கு அது பெரிய வரம், தொட்டிச் சுவருக்கு அப்படியில்லை. விளிம்பில் சிறு கல் இடித்தாலும் இது நடக்கலாம். எதுவும் இடிக்காமலும் அரிதாக நடக்கும்: உருக்கும்போது உள்ளே மாட்டிய நிக்கல் சல்ஃபைடு துகள் காலப்போக்கில் பருத்து, இழுவிசையில் இருக்கும் நடுப்பகுதியைப் பிளந்துவிடும்.

சூடு தாங்கும் குணத்தால் தொட்டிக்கு லாபமும் இல்லை. பிளெயின் கண்ணாடியே பகுதிக்குப் பகுதி 40 டிகிரி அளவு வேறுபாட்டைத் தாங்கும், மீன் வாழும் தண்ணீரில் அந்த வேறுபாடு வரவே வராது.

டெம்பர்டுக்கு நான் ஒதுக்கும் இடம் மேல்மூடி. அதைத் தினமும் தூக்கி வைப்போம், ஈரக் கையில் நழுவும், விளக்கின் சூடும் அதன் மேல்தான் படும். உடைந்தாலும் கத்தி மாதிரிச் சில்லுகள் வராது. அங்கே தண்ணீரின் அழுத்தமும் கிடையாது.

லேமினேட்டட்: இரண்டு ஆறு சேர்ந்தால் பன்னிரண்டு ஆகாது

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது லேமினேட்டட். உடைந்தாலும் படலம் பிடித்துக்கொள்ளும் என்பதால் தொட்டிக்குப் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அந்தப் படலம் மென்மையானது. சிறிது நேரச் சுமைக்கு இரண்டு கண்ணாடிகளும் சேர்ந்து ஒரே பலகையாக நிற்கும், நாள்கணக்கில் ஒரே பக்கம் அழுத்தினால் படலம் நழுவிக்கொடுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக வளையத் தொடங்கும். முழுக்க நழுவிய நிலையில் 6-உம் 6-உம் சேர்ந்த பலகைக்கு, ஒரே துண்டான 12 மி.மீ.-இன் விறைப்பில் நாலில் ஒரு பங்கும், வலிமையில் பாதியும்தான் மிஞ்சும். ஒரே துண்டுக் கண்ணாடியாகச் சொன்னால் அது ஏறக்குறைய 8 மி.மீ.தான்.

ஒட்டுவதிலும் சிக்கல் உண்டு. தொட்டிக்குப் பயன்படும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடும், அந்த வினிகர் வாடை அதுதான். அது பிவிபி படலத்துக்கு ஆகாது. விளிம்பில் ஈரம் ஏறினால் படலம் வெளுத்து, ஓரத்திலிருந்து பிரியவும் தொடங்கும். வீட்டுத் தொட்டிக்கு இதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

லோ அயர்ன் எப்போது தகும்?

பிளெயின் கண்ணாடியின் வெட்டு விளிம்பைப் பாருங்கள், கரும்பச்சையாக இருக்கும். மணலில் இயல்பாக இருக்கும் இரும்பு ஆக்சைடு தரும் நிறம் அது. அந்த இரும்பைக் குறைத்துச் செய்வது லோ அயர்ன். எக்ஸ்ட்ரா கிளியர் என்றும் சொல்வார்கள், ஆப்டிவைட், ஸ்டார்ஃபயர் போன்ற பெயர்களிலும் வரும். இதன் விளிம்பு வெளிறிய நீலமாகவோ கிட்டத்தட்ட நிறமில்லாமலோ தெரியும். கடையில் இரண்டையும் அருகருகே நிறுத்தி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால் ஐந்து நொடியில் முடிவு தெரிந்துவிடும்.

வலிமையிலும் விறைப்பிலும் இரண்டும் ஒன்றுதான், தடிமன் கணக்கும் மாறாது. வித்தியாசம் பார்வைக்கு மட்டும். 10 மி.மீ.-இல் பிளெயின் சுமார் 87 சதவீத ஒளியை விடும், லோ அயர்ன் சுமார் 91 சதவீதம். அந்தச் சில சதவீதம் பெரும்பாலும் சிவப்புப் பக்கத்தில் குறைகிறது என்பதால், வெள்ளை மணலும் சிவப்பு மீனும் பிளெயின் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் பச்சை பூசியது மாதிரித் தெரியும். 6 மி.மீ.-இல் இதை நான் பொருட்படுத்த மாட்டேன், 10-க்கு மேல் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் கண்ணாடியையும் லோ அயர்னாக வாங்க வேண்டியதில்லை. முன்கண்ணாடி ஒன்றை மட்டும் லோ அயர்னாகப் போட்டு, பின்பக்கம், பக்கங்கள், அடி எல்லாம் பிளெயினில் செய்தால் போதும். இரண்டும் ஒரே வகைக் கண்ணாடி, ஒரே சிலிகான் பிடிக்கும். ஒரு மூலையில் நின்று பக்கக் கண்ணாடி வழியாகவும் பார்ப்பீர்கள் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஒளி மேலிருந்து வருவதால் செடி வளர்ப்பவர்களுக்கு இதில் தனி லாபம் இல்லை.

கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டால், டெம்பரிங்குக்குக் கொடுப்பதைவிட இதற்குக் கொடுப்பது ஆயிரம் மடங்கு நல்லது. தினமும் உட்கார்ந்து பார்க்கப்போவது அந்த முன்கண்ணாடியைத்தானே.

அக்ரிலிக்

அக்ரிலிக் கண்ணாடி கிடையாது, கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக். உலகின் பெரிய காட்சித் தொட்டிகள் பலவும் அக்ரிலிக்கில்தான் இருக்கின்றன. ஜப்பானின் ஒகினாவா சுராவுமி அக்வேரியத்தின் பெரிய ஜன்னல் 60 செ.மீ. தடிமன் அக்ரிலிக். எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு, 92 சதவீத ஒளி, இடிபட்டால் எளிதில் உடையாது, வளைக்கலாம்.

வீட்டுத் தொட்டியில் கதை வேறு. அக்ரிலிக்கின் விறைப்பு கண்ணாடியின் விறைப்பில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே அளவு பிதுக்கத்துக்குள் நிறுத்த வேண்டுமானால் கண்ணாடியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன் வேண்டும், இல்லையென்றால் மேலே அகலமான சட்டம் வேண்டும். ஒட்டுவதற்குச் சிலிகான் பயன்படாது, கரைப்பான் விட்டு உருக்கி இணைக்க வேண்டும். அதற்கு இரண்டு விளிம்பும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், கையால் அறுத்த விளிம்பில் அது அமையாது. பாசியைத் தேய்க்கும் பஞ்சில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், கோடு விழுந்துவிடும். ஸ்பிரிட்டால் துடைத்தால் நுண்விரிசல் வரும். உடையவே உடையாது என்றும் நம்ப வேண்டாம்: பெர்லினில் பத்து லட்சம் லிட்டர் பிடித்த அக்வாடோம் என்ற அக்ரிலிக் உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று வெடித்தது. எடை தாங்காத தளம், வளைந்த முன்பக்கம் வேண்டும் என்ற ஆசை, சரியான அறுப்பு இயந்திரம் கைவசம் இருப்பது, இவற்றில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் மட்டும் அக்ரிலிக்கை யோசியுங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய கண்ணாடி

சும்மா கிடக்கும் கண்ணாடியைப் பயன்படுத்தலாமே என்று தோன்றுவது நியாயம்தான். முதலில் அது என்ன கண்ணாடி என்று கண்டுபிடிக்க வேண்டும். மேசை மேல்பலகை, குளியலறைத் தடுப்பு, கதவு என்றால் பெரும்பாலும் டெம்பர்டு. மூலையில் சிறு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லையென்றாலும் ஒரு வழி இருக்கிறது. மடிக்கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கண்ணாடியை அதன் முன்னால் பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். தலையை மெல்லச் சாய்த்தால், டெம்பர்டு என்றால் பலகை முழுவதும் வரிசையாகக் கரும்புள்ளிகளோ நிழல் பட்டைகளோ எழும்பும். காற்றடித்துக் குளிரவைத்த இடங்களின் அச்சு அது. பிளெயினில் அப்படி எதுவும் தெரியாது. தெரியாத கண்ணாடி மேல் கட்டரை வைக்கும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

பழைய ஜன்னல் கண்ணாடி பிளெயினாக இருந்தாலும் அது பெரும்பாலும் 4 மி.மீ., வருடக்கணக்கில் தூசியும் துணியும் உரசிய மேற்பரப்பு. 25 செ.மீ. உயரத்துக்குள் ஒரு குஞ்சுத் தொட்டி செய்யப் பரவாயில்லை. உள்ளே கம்பி வலை வைத்த கண்ணாடியும் பூப்போட்ட கண்ணாடியும் பிளெயினைவிட வலு குறைந்தவை, அவை வேண்டாம். பழைய தொட்டியைப் பிரித்த கண்ணாடி என்றால், ஒட்டியிருக்கும் சிலிகானைப் பிளேடால் முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். காய்ந்த சிலிகான் மேல் புதுச் சிலிகான் சரியாகப் பிடிக்காது.

ஒரு பக்கம் மட்டும் மெல்லிய கீறல் உள்ள கண்ணாடியை எப்படி வைப்பது? தண்ணீர் வெளியே தள்ளும்போது பலகையின் நடுவில் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும். இழுபடும் பக்கத்துக் கீறல்தான் வளரும், எனவே கீறல் உள்ள முகம் தண்ணீர்ப் பக்கம் இருக்கட்டும். நகத்தில் தட்டுப்படும் அளவு ஆழமான கீறல் என்றால் எந்தப் பக்கமும் வேண்டாம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியது

முதலில் வெர்னியர், தடிமனைத் துல்லியமாக அளக்கும் கருவி. நாலு மூலையிலும் வைத்து அளவெடுங்கள். 6 மி.மீ. வரை 0.2-உம், 8 முதல் 12 மி.மீ. வரை 0.3-உம் கூடக் குறைய இருக்கலாம் என்பது வழக்கமான விதி. அதற்கும் கீழே இருந்தால் வாங்காதீர்கள்.

பிறகு விளிம்பு. டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். நல்ல வெட்டில் மேல் ஓரத்தில் கட்டர் ஓடிய மெல்லிய கோடு மட்டும் தெரியும், மீதி மழமழவென்று மின்னும். கிளிஞ்சல் வடிவத்தில் சிறு சில்லு போயிருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். அந்தச் சில்லிலிருந்து கண்ணாடிக்குள் ஒரு வெள்ளி ரேகை ஓடினால் அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது விரிசலின் தொடக்கம். எல்லா விளிம்பையும் குறைந்தபட்சம் கூர் மழுங்கத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். மேல் விளிம்பை முழு பாலிஷ் செய்யச் சொல்லுங்கள், கை படும் இடமும் அதுதான், அதிகமாக இழுபடும் இடமும் அதுதான். துளை வேண்டுமென்றால் ஒட்டுவதற்கு முன்பே வைரப் பிட்டால் போட்டு வாங்கிவிடுங்கள். துளையின் ஓரத்துக்கும் கண்ணாடியின் ஓரத்துக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டம் அளவுக்கு இடம் விடுங்கள்.

அடிக்கண்ணாடியைச் சுவர்க் கண்ணாடியைவிட மெல்லியதாக வாங்கக் கூடாது. கல்லும் மரக்கட்டையும் நிறைய அடுக்கப்போகிறீர்கள் என்றால் ஓர் அளவு கூடவே இருக்கட்டும். சட்டம் இல்லாத தொட்டியில் அடிக்கண்ணாடி முழுவதும் தாங்கலில் உட்கார வேண்டும், அதற்குத்தான் கீழே தெர்மாகோலோ ஃபோம் ஷீட்டோ விரிப்பது. ஒரு மணல் துகள் அடியில் மாட்டினாலும் அந்தப் புள்ளியில் சுமை குவியும்.

தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. நீளம் 90, அகலம் 45, உயரம் 45 செ.மீ. உள்ள தொட்டி 8 மி.மீ.-இல் சுமார் 32 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம். நீளம் 120, அகலம் 60, உயரம் 60 செ.மீ. என்றால் 12 மி.மீ.-இல் சுமார் 86 கிலோ. அதை எந்த அறையில் வைக்கப்போகிறீர்களோ அங்கேயே ஒட்டுவது நல்லது.

கடைசியாக வெட்டு அளவுச் சீட்டு. 90-45-45 தொட்டியை 8 மி.மீ.-இல், சுவர்கள் அடிக்கண்ணாடியின் மேல் நிற்கும்படி செய்வதாக வைத்துக்கொள்வோம். அடி 900-க்கு 450 மி.மீ. ஒன்று. முன்னும் பின்னும் 900-க்கு 442, இரண்டு. பக்கக் கண்ணாடிகள் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே நிற்பதால் 450-இலிருந்து இரண்டு 8-ஐயும், சிலிகானுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மி.மீ.-ஐயும் கழித்து 432-க்கு 442, இரண்டு. உயரம் 442 என்பது நாலு சுவருக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதால் நாலையும் ஒரே அமைப்பில் வைத்து வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டியதும் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒரு மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தத் துண்டு கோணல், அதை அங்கேயே மாற்றி வாங்கிவிடுங்கள்.